மெழுகுபட வானமும் மெய்வானமும்: புலம்பெயர் இலக்கியத் திறனாய்வில் பொழுதும் நன்றியறிதலும்

புலம்பெயர் தமிழ் இலக்கியம் பற்றிய திறனாய்வில் ‘ஆறாம் திணை’ என்னும் சொல்லாட்சி நிலைபெற்றுவிட்டது. குறிஞ்சி முதலிய ஐந்தோடு பனி படர்ந்த நிலத்தையும் ஒரு திணையாகக் கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். கவர்ச்சியான கருத்து, மாநாட்டு அரங்குகளில் கைதட்டலைப் பெறும் கருத்தும்கூட. ஆயினும் தொல்காப்பிய அகத்திணையியல் முதற்பொருள் என்று வகுப்பது நிலத்தை மட்டுமன்று; நிலம், பொழுது ஆகிய இரண்டன் இயல்பையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. ஆறாம் திணை பேசியோர் நிலத்தைப் பற்றிக்கொண்டனர். பொழுதை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டனர். அவர்தம் எழுத்தில் பனி ஓர் இடத்தின் பெயராக நிற்கிறது. ஆண்டின் ஒரு பகுதி வந்து, தங்கி, விடைபெற்றுப் போவதன் பெயராக அது நிற்பதில்லை.

இதனை இலக்கணக் குறை என்று ஒதுக்குவதற்கில்லை. நிலத்தின் பொழுதுகளை அறியாதவர் அந்நிலத்துக்குத் தாம் பட்டிருக்கும் நன்றியையும் அறிய இயலாது என்பது இக்கட்டுரையின் வாதம். நாற்பது ஆண்டுகளாக வடபுல நாடுகளில் உண்டு உறங்கி மக்களைப் பெற்று வளர்த்த ஒரு சமூகம், அந்நாடுகளின் வானத்தைப் பற்றித் தன் மொழியில் என்ன அறிந்திருக்கிறது என்பதே இங்கு வினா.

இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்து 1994இல் வெளிவந்த ‘பனியும் பனையும்’ என்னும் புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுதியின் தலைப்பை எண்ணிப் பார்க்கலாம். ஓரெழுத்து மாற்றத்தில் இரண்டு உலகங்கள். அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் பனை ஆண்டு முழுதும் நிற்பது, பனி அவ்வாறன்று. நிற்பதையும் நில்லாததையும் எதிரெதிரே வைத்த அந்த இணை, பின்வந்த திறனாய்வாளர் கையில் இரண்டு உறைந்த குறியீடுகளாகிவிட்டது. பனை என்றால் இழந்தது. பனி என்றால் வந்து சேர்ந்த துன்பம். பனி உருகும், உருகிய ஈரத்தில் பேர்ச் மரம் தளிர்க்கும் என்னும் எளிய செய்திக்கு அக்குறியீட்டு முறையில் இடமில்லை. அ. முத்துலிங்கத்தின் கட்டுரைத் தொகுதி ஒன்றுக்கு ‘அங்கே இப்ப என்ன நேரம்?’ என்று பெயர். தொலைபேசியைக் கையிலெடுத்த புலம்பெயர்ந்தோர் அனைவரும் கேட்ட கேள்வியைக் குறும்போடு தலைப்பாக்கியிருக்கிறார். அதற்கு இணையாக, ‘இங்கே இப்போது என்ன பொழுது?’ என்று நம் திறனாய்வு கேட்டது அரிது.

நன்றியுணர்வு என்று இன்று எளிதாகச் சொல்கிறோம். இயற்கையிடையே அரைமணி நேரம் நடந்தால் நன்றியுணர்வு பெருகும், மனம் அமைதியுறும் என்று வாழ்வியல் நூல்கள் பரிந்துரைக்கின்றன. உணர்வு மருந்தாகவும் நடை அதன் அளவாகவும் ஆகிவிட்டன. வள்ளுவர் கொண்ட நெறி வேறு. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி உணர்தல் என்று பெயரில்லை. செய்ந்நன்றி அறிதல் என்றே பெயர். பழந்தமிழில் நன்றி என்பது நன்மை. ஒருவர் செய்த நன்மை. அதனை ‘அறிதல்’ என்பது, யார் செய்தார், எப்பொழுது செய்தார், எவ்வளவு செய்தார் என்று தெரிந்துவைத்திருத்தல். அது நெஞ்சின் நெகிழ்ச்சி மட்டுமாயின் மறதிக்கு அத்துணைக் கடுமையான தீர்ப்பு வழங்கவேண்டியதில்லை.

கடவுள் வாழ்த்தை அடுத்து, துறந்தார்க்கும் முன்னதாக, வான்சிறப்பு வைக்கப்பட்டிருப்பதை உரையாசிரியர்கள் பலவாறு விளக்குவர். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் நன்றி என்ற சொல் இல்லை. மழை பெய்தால் என்ன நிகழும், பெய்யாவிட்டால் என்னென்ன நின்றுபோகும் என்ற கணக்கே உள்ளது. கெடுப்பதும் மழை, கெட்டாரை எடுத்து நிறுத்துவதும் மழை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது ஒரு குறள். பின்னர் ஒப்புரவறிதல் அதிகாரத்தின் தொடக்கத்தில், மழை கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை என்று வள்ளுவர் நினைவூட்டுகிறார். கைம்மாறு கொள்ளாத ஒன்றுக்கு நன்றியைச் செலுத்த முடியாது, அறியத்தான் முடியும். அறிவதற்கு அதன்கீழே போய் நிற்கவேண்டும்.

சங்கப் பாடல்களில் இயற்கை என்பது நம் ஆய்வுலகின் பழைய பொருள். 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்குக் காரணராயிருந்த தனிநாயகம் அடிகள் அதனைப் பற்றி ஆங்கிலத்தில் நூலெழுதினார், மு. வரதராசனாரின் முனைவர் பட்ட ஆய்வும் அதுவே. அவர்கள் பறவையைப் பறவையாகவும் மழையை மழையாகவும் எண்ணியவர்கள். 1967இல் ஏ. கே. ராமானுஜனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பு, ‘அகத்தின் நிலக்காட்சி’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு வந்தது. மேலைப் பல்கலைக்கழகங்களில் பயின்ற எங்கள் தலைமுறை அத்தலைப்பின் நிழலில் வளர்ந்தது. நிலம் மனத்தின் உருவகம் என்று கற்றோம். அம்மொழிபெயர்ப்புகளின் ஒளி குறையவில்லை. ஆனால் அத்தலைப்பைச் சூத்திரமாகக் கொண்டவர்களுக்கு வெளியே பெய்யும் மழை எல்லாம் உள்ளே பெய்யும் மழையாகவே தெரிந்தது. புலம்பெயர் கவிதையை மதிப்பிட வந்தபோதும் அதே கண்ணாடியையே அணிந்திருந்தோம்.

அக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெடுநல்வாடையை மீண்டும் வாசிக்கவேண்டும். நக்கீரர் பாடிய 188 அடிகள். அகமா புறமா என்னும் வழக்கு அதன்மேல் நெடுங்காலமாக உண்டு. படைவீரன் ஏந்திய வேலில் வேப்பந்தார் சூட்டப்பட்டிருப்பது பாண்டியனைச் சுட்டுவதால் அது புறமே என்று நச்சினார்க்கினியர் முடித்தார். அவ்வழக்கில் மூழ்கியவர்கள் பாட்டின் முதல் மனிதர்களைப் போதிய அளவு கவனிக்கவில்லை. அவர்கள் அரசனும் அரசியும் அல்லர், ஆயர். பெருமழையால் தாழ்நிலம் வெள்ளக்காடாக, ஆநிரையை வேற்று நிலத்துக்கு ஓட்டிச் சென்றவர்கள். அவர்கள் கலக்கத்தைச் சொல்லும் இடத்தில் நக்கீரர் ஆளும் சொல் ‘புலம்பெயர்’ என்பது. இன்று நம் இலக்கியத்துக்கு நாம் சூட்டியிருக்கும் அதே சொல். அடுத்த சில அடிகளில் ‘பெரும்பனி’ வருகிறது. தலையில் சூடிய காந்தள் நீரில் நனைந்து கலைய, கையில் கொள்ளிக்கட்டையோடு கூடி நின்று அவர்கள் நடுங்குகிறார்கள். புலம்பெயர்தலும் பனியும் நம் இலக்கியத்தில் சந்தித்த இடத்தைத் தேடி ஆறாம் திணைவரை போகவேண்டியதில்லை.

நக்கீரர் அங்கே நின்றுவிடவில்லை என்பதே என் வாதத்துக்கு உயிர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. மந்தி கூனிக் குறுகுகிறது. பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன. பசு தன் கன்றையே உதைத்து விலக்குகிறது. குன்றையே குளிர்விக்கும் கூதிர் என்று அதன் கொடுமை சொல்லி முடிந்தவுடன், ஒரு ‘ஆனால்’கூட இல்லாமல், புதர்தோறும் வெண்ணிற முசுண்டையும் பொன்னிறப் பீர்க்கும் மலர்கின்றன. ஈர மணலில் கொக்கும் நாரையும் கயல்மீனைக் கவர்கின்றன. நெற்கதிர் முற்றி வளைகிறது. கமுகின் குலையில் காய் திரள்கிறது. ஆயரை நடுங்கவைத்த அதே மழை இவற்றையும் செய்தது. புலவர் துன்பத்தை நன்மையால் ஈடுசெய்யவில்லை. நன்மையைத் துன்பத்தால் மறைக்கவும் இல்லை. இரண்டையும் வரவில் எழுதுகிறார். செய்ந்நன்றி அறிதல் என்பதன் கவிதை வடிவம் இதைவிடத் தெளிவாக எனக்குக் கிடைக்கவில்லை. நன்றி என்ற சொல் இல்லாமலே அது நிகழ்கிறது.

பாட்டு பின்னர் ஊருக்குள் நுழைகிறது. கதிரவன் தெரியாததால் பெண்கள் பிச்சி அரும்பு மலர்வதைக் கண்டு மாலைவேளையை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். மாடப்புறா இரைதேட வெளியே போவதில்லை. கோடைக்கான விசிறி உறையிட்டுத் தொங்குகிறது. குவிந்த வாயுடைய குடத்து நீரை யாரும் பருகுவதில்லை; அகன்ற வாயுடைய தடவில் நெருப்பைக் காய்கிறார்கள். (தூறலைப் பொருட்படுத்தாமல் கள்ளுண்டு தெருவில் திரியும் ஆடவரையும் நக்கீரர் விட்டுவிடவில்லை, வெள்ளி இரவின் ஒஸ்லோ தெருக்களை அறிந்தவர் புன்னகைப்பர்.) அதன்பின் அரண்மனை. நண்பகலில் நிழல் எந்தப் பக்கமும் சாயாத நேரம் பார்த்து, கோல் நட்டுத் திசை குறித்துக் கட்டிய மனை அது. வெயிலில் நின்று நிழலை அளந்தவர்களின் அறிவால் எழுந்த மனைக்குள், அரசி யானைத்தந்தத்துக் கட்டிலில் கிடக்கிறாள். அவள் மேலே பார்க்கிறாள். தெரிவது மெழுகு பூசிய துணியில் எழுதிய வானம்: மேடம் முதலான இராசிகளினூடே செல்லும் கதிரவன், திங்களைப் பிரியாத உரோகிணி. அந்த ஓவிய உரோகிணியைப் பார்த்து அவள் பெருமூச்சு விடுகிறாள்.

அதே இரவில் அரசன் பாசறையில் உறங்காமல், சிலரோடு, தூறலில் நடந்துகொண்டிருக்கிறான். வடக்கிருந்து வாடை வீசுந்தோறும் விளக்குகளின் சுடர்கள் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. குதிரைகள் உடல்மேல் விழுந்த துளிகளை உதறுகின்றன. புண்பட்ட வீரரை முன்செல்பவன் காட்ட, அரசன் முகம் நோக்கிச் செல்கிறான். பிரிந்திருக்கும் தலைவிக்கு நெடியதாகவும், வினைமேற் சென்ற தலைவனுக்கு நல்லதாகவும் இருப்பதால் இது நெடுநல்வாடை என்பது உரைமரபு. அம்மரபை ஏற்றுக்கொண்டே மேலும் ஒன்று சொல்லலாம். வாடை நெடியதாவது எழுதிய வானத்தின் கீழே; நல்லதாவது மெய்யான வானத்தின் கீழே. அரசி உள்ளே இருப்பது அவளாகத் தேர்ந்ததன்று. அரசன் வெளியே இருப்பது உலாவுவதற்கன்று, அங்கே குருதி சிந்தியவர்கள் கிடக்கிறார்கள். ஆகவே இதனை வெளியில் நடந்தால் இன்பம் என்ற பாடமாகச் சுருக்கிவிடக்கூடாது. பொழுதை நேரே எதிர்கொண்டவர்க்கு அதில் செய்வதற்கும் அறிவதற்கும் ஏதோ இருந்தது. ஓவியத்தில் எதிர்கொண்டவளுக்கு ஏக்கம் மட்டுமே இருந்தது. அவ்வளவே என் துணிபு.

இதிலிருந்து புலம்பெயர் எழுத்துக்குத் திரும்பினால், நான் வாசித்தவற்றில் பெரும்பாலான கவிதைகளின் பேசுபவர் சாளரத்தின் உட்புறத்தில் நிற்கிறார். கண்ணாடிக்கு அப்பால் பனி பெய்கிறது. இப்பால் ஊர் நினைவு பெய்கிறது. இதனைக் குறையாகச் சொல்லிக் கடந்துபோவது எளிது, ஆனால் நேர்மையன்று. ஈழத்துத் தமிழரின் ஒரு தலைமுறைக்கு வெளி என்பது ஊரடங்கும் சோதனைச் சாவடியும் எறிகணையும் கண்ணிவெடியும். பதுங்குகுழியில் வளர்ந்த பிள்ளைக்கு வானம் என்பது அண்ணாந்து அஞ்சவேண்டியது. அதற்கு முன்பேயும் எல்லார்க்கும் எல்லா வெளியும் திறந்திருக்கவில்லை; எந்தத் தெருவில் யார் நடக்கலாம், எந்தக் கிணற்றடியில் யார் நிற்கலாம் என்பதைச் சாதி முடிவுசெய்தது. பின்னர் வடநோர்வேயின் பின்மார்க் மாநிலத்து மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, வேலை முடியும்போது வெளியே ஒளி இருந்ததா என்பதே கேள்வி. சாளரத்தின் உட்புறம் அவர்களுக்குச் சோம்பலின் இடமன்று. முதன்முதலாகக் கிடைத்த பாதுகாப்பு. அந்த வரலாற்றைச் சொல்லாமல் இயற்கையை நேசியுங்கள் என்று அறிவுரை கூறும் கட்டுரைகளை என்னால் வாசிக்க முடிவதில்லை.

ஆயினும் சாளரத்தின் பயன் முடிந்த பிறகும் அங்கேயே நிற்கிறோமா என்று கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது. குறிப்பாக நம் முதியோர் பொருட்டு. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில், கார்காலத்து மாலையில், முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் கொண்டு காவல் மிக்க ஊரைவிட்டு வெளியே செல்கிறார்கள். நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். கட்டிய கன்றைப் பார்த்து ஓர் ஆய்மகள், உன் தாயர் இதோ வந்துவிடுவர் என்று ஆறுதல் சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. அதைக் கொண்டுவந்து தலைவிக்கு உரைக்கிறார்கள். பொழுதின் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவருவது அங்கே முதியோர் வேலை. நம் நாடுகளில் அக்டோபர் முதல் ஏப்ரல்வரை அறைக்குள் தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்திருக்கும் பாட்டிமார், பேரப்பிள்ளைகளிடம் வெளியே என்ன குளிர் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். முல்லைப்பாட்டின் ஒழுங்கு தலைகீழாகிவிட்டது.

நோர்வேஜிய மொழியில் ‘ஃபிரிலுஃப்ட்ஸ்லீவ்’ என்றொரு சொல் உண்டு. கட்டற்ற காற்றில் வாழ்தல் என்று அதனைப் பெயர்க்கலாம். நாடகாசிரியர் இப்சன் 1859இல் ஒரு நெடும்பாட்டில் ஆண்ட சொல் இன்று நாட்டின் அடையாளமாகிவிட்டது. 1957இல் இயற்றிய சட்டம் அதற்கு உரிமையின் வடிவமும் தந்தது. பயிரிடாத நிலத்தில், அது யாருடையதாயினும், எவரும் நடக்கலாம். அண்மையிலுள்ள வீட்டுக்கு 150 மீட்டருக்குக் குறையாத தொலைவில் கூடாரமடித்துத் தங்கலாம். தெருவுக்குத் தெரு தடை இருந்த சமூகத்திலிருந்து வந்தவர்களுக்கு இச்சட்டம் எத்தகைய கொடை என்பதை நம் எழுத்து இன்னும் கணக்கிடவில்லை. இங்கே நன்றி அறியவேண்டிய முதற்பொருள், பனிக்கு முன்னதாக, இந்த உரிமைதான் என்பேன். அதே சமயம், அந்தச் சொல் விலையுயர்ந்த மேலங்கிகளின் விளம்பரமாகவும், குடியேறியோர் எவ்வளவு கலந்துவிட்டனர் என்று அளக்கும் கோலாகவும் ஆகிவருவதையும் மறைக்கவேண்டியதில்லை.

அந்நாட்டின் வடக்கே துரும்சோ நகரில், நவம்பர் 27 அளவில் மறையும் கதிரவன் சனவரி நடுப்பகுதிவரை அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. சூழ்ந்துள்ள மலைகளைத் தாண்டி அது நகரத்துக்குத் தெரிய மேலும் சில நாள் ஆகும். சனவரி 21ஐச் ‘சூரிய நாள்’ என்று கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் வெளியே வந்து தெற்கு வானத்தைப் பார்க்கிறார்கள். ஊரெங்கும் ‘சூல்பொல்லெ’ என்னும் இனிப்பு அப்பம் விற்கிறது. தமிழ் நாட்காட்டியில் அது தை ஏழு அல்லது எட்டு. கதிரவனுக்கு நன்றி கூறும் நம் திருநாளுக்கும் அவர்கள் நாளுக்கும் இடையே ஒரு வாரமே. முற்றத்தில் கோலமிட்டுக் கிழக்கு நோக்கிப் பானை வைத்து, பொங்கிய பின்னர் பிற்பகலில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றிய மக்கள், இங்கே வாடகை மண்டபத்தில், விடுமுறைக்கு ஏற்ற ஒரு சனிக்கிழமையில், மேடைத் திரையில் வரைந்த சூரியன்முன் பொங்கலை நடத்துகிறார்கள். அரசியின் மெழுகுபட வானம் நினைவுக்கு வராமல் என் செய்யும்? வெளியே, ஐம்பது நாள் காணாத கதிரவனை அயலார் மெய்யாகவே வரவேற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்விரு நாளையும் இணைத்துவிடுங்கள் என்று விழாக் குழுக்களுக்கு ஆலோசனை கூறுவது திறனாய்வின் வேலையன்று. சொற்களைப் பற்றிப் பேசலாம். வடக்கத்திய குளிர்காற்றுக்கு வாடை என்ற பெயர் ஆர்க்டிக் வட்டத்தில்தான் மிகப் பொருந்துகிறது. யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளரிடம் சோளகமும் கச்சானும் கொண்டலும் வாடையும் இன்றும் உயிரோடிருக்கின்றன. புலம்பெயர் பாடநூல்களில் அவை ‘காற்று’ என்ற ஒற்றைச் சொல்லாக அடங்கிவிட்டன. நோர்வேயில் பிறந்த பிள்ளை, மேலே இறுகி ஓடுகட்டிய பனியை ‘ஸ்காரெ’ என்றும், உருட்டிப் பந்தாக்க உதவும் ஈரப்பனியை ‘க்ராம்’ என்றும் மழலையர் பள்ளியின் முற்றத்திலேயே அறிந்துகொள்கிறது. வீட்டில் இரண்டும் ‘ஸ்னோ’. அந்தப் பிள்ளைக்கு நிலத்தை அறியும் மொழி ஒன்றும் நிலத்தை இழந்த மொழி ஒன்றுமாகப் பிரிந்துவிடுகிறது. பின்னாளில் எதில் அது கவிதை எழுதும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

கலைமான் மேய்க்கும் சாமி மக்கள் ஆண்டை எட்டுப் பருவங்களாகப் பகுக்கின்றனர். மான் கன்று ஈனும் காலம், மந்தை இடம்பெயரும் காலம் என்று தொழில் வகுத்த எட்டு அவை. கார் முதல் முதுவேனில்வரை நம் ஆறும் அவ்வாறு உழவரும் ஆயரும் வெளியில் நின்று வகுத்தவையே. மருதத்துக்கும் நெய்தலுக்கும் தொல்காப்பியர் பெரும்பொழுதைத் தனியே கூறவில்லை. ஆறும் உரியவை என்று உரையாசிரியர் நிரப்பிக்கொண்டனர். ஆகவே மரபில் இடைவெளி உண்டு, நிரப்புவோர்க்கு உரிமையும் உண்டு. பெரும்பொழுதைவிடச் சிறுபொழுதே கடினமான வினா. டிசம்பர் நடுவில் துரும்சோவில் நண்பகல் அளவில் மலைகளுக்குப் பின்னால் நீலமும் இளஞ்சிவப்புமாகச் சிறிது நேரம் ஒளி பரவி, உதயமாகாமலே மங்குகிறது. அது விடியலா, எற்பாடா? இரண்டிற்கும் இடையே நண்பகல் எங்கே? கதிரவனைக் காணாமல் பிச்சி மலரைப் பார்த்து மாலையை அறிந்த நெடுநல்வாடைப் பெண்களுக்கு ஒரு வழி இருந்தது. இங்கே மலரும் இல்லை. வெளியே போய், அந்த ஒளி இருக்கும் அளவும் நின்று பார்த்த ஒருவர்தாம் அதற்குத் தமிழில் பெயரிட முடியும்.